வண்டி எண்

பதினெட்டு வருடமாக
மீனம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு
வெள்ளைக்காரர்களை ஏற்றி வருகிறேன்.
வாசலில் பெயர் அட்டையைத் தூக்கிப் பிடிப்பேன்.
எழுத்துப் பிழையோடுதான்.
பிழையான பெயருக்கும் ஆள் வந்துவிடும்.

இரவு இரண்டு மணிக்கு வெளியே வருகிறவர்கள்
எல்லோருக்கும் ஒரே முகம்:
பெட்டியின் கைப்பிடியை விடாத முகம்.
சிலர் ஏறுவதற்கு முன்
வண்டிக்குப் பின்னால் போய்
நம்பர் பலகையைப் படம் எடுப்பார்கள்.
யாருக்கோ அனுப்புவார்கள்.
கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா ஆடுகிற வண்டி,
என்னையா?
மரக்காணம் உப்பளம் தாண்டும்வரை உறுத்தும்.
அவர்கள் தூங்குவதுபோல் நடிப்பார்கள்,
நான் சாலையை மட்டும் பார்ப்பதுபோல்.

இன்று பகல் பதினொன்றே கால்.
சுப்பையா சாலை, ரயில் நிலையத்துக்கு எதிரே,
வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது.
அமலோற்பவம் பாரிஸில் இறங்கிவிட்டாள்.
அங்கே இன்னும் விடியவில்லையாம்.
அவள் தம்பி சவரி ரொட்டிக்கடையில்,
அடுப்பை விட்டு ஏழு மணிக்கு முன்னால் நகர முடியாது.
ஊருக்குள் வா அக்கா, ஸ்டேஷனில் நிற்கிறேன் என்றானாம்.

வழி என்னிடம் இருக்கிறது.
போன டிசம்பரில் வந்த ஓதில் அம்மா
மாமல்லபுரத்து டீக்கடையில்
தன் பெயர் அட்டையின் பின்பக்கமே
வரைந்து கொடுத்த வழி.
நீலப் பேனாவில் ஒரு கோடு,
கோட்டின் நுனியில் டீ கறை.

"உள்ளேயே வந்து டாக்சி டாக்சின்னு கேப்பான்,
அவன் பின்னாடி போகாதே."
"எப்படித் தெரியும்?"
"நம்ம தொழில்ல எனக்குத் தெரியாத ஆளா?
ரயில் படம் போட்ட பலகையப் பாத்துக்கிட்டே நட.
பி-ன்னு போட்டிருக்கும். நீலம்.
சீட்டைத் தூக்கிப் போட்டுடாதே, வெளிய வரவும் அதான் சாவி.
எறங்குற எடம் கார் து நோர்."
"காரா? ரயில்னு சொன்னீங்க?"
"அந்த ஊர்ல ஸ்டேஷனுக்குப் பேரே கார்தான்டி."
அவள் சிரித்தாள்.
பத்தாயிரம் கிலோமீட்டரோ என்னவோ,
சிரிப்பு பக்கத்து சீட்டில் கேட்டது.

ஏறிவிட்டாள். கதவு மூடும் மணி எனக்கும் கேட்டது.
"வண்டி நம்பரப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன்.
சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.
"ரயிலுக்கு ஏதுங்க நம்பரு?
எதிர்ல ஒரு ஆப்பிரிக்கா அம்மா தூங்குது,
மடியில டிபன் டப்பா.
அத வேணா எடுத்து அனுப்பவா?"

பிறகு சுரங்கம்.
குரல் பாதியில் நின்றது.

பதினோரு நிமிடம்.
டிக்கியைத் திறந்து மூடினேன்.
ஸ்டெப்னியில் காற்று பார்த்தேன்.
பழைய பனியனை நனைத்து
முன் பலகை, பின் பலகை துடைத்தேன்.
ஐந்தில் ஒட்டியிருந்த சேறு
எத்தனை மழைக்கு முந்தியதோ.
ஐந்தா ஆறா என்று
எந்த ஊரில் யார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்களோ.

போன் அடித்தது.
"வந்துட்டான். சட்டையெல்லாம் மாவு.
கட்டிப் புடிச்சு என் ஸ்வெட்டரையும் வெள்ளையாக்கிட்டான்.
வெச்சிடுங்க, காசு ஓடும்."
வைத்துவிட்டாள்.
சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன்.

மூச்சு வாங்க ஒரு பெண் வந்தாள்,
முதுகில் மூட்டை, மூக்கெல்லாம் வெயில்.
"ஆரோவில், எவ்வளவு?"
சொன்னேன். பேரம் பேசினாள்.
ஐம்பது குறைத்தேன்.
கதவைத் திறக்கப் போனவளை
ஒரு நிமிடம் நில்லும்மா என்று
பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன்.
புரியாமல் பார்த்தாள்.
போனை எடு என்று
கையால் சைகை செய்தேன்.